தொண்ணூறு காட்டிய பாட்டில்

பாப்பா அப்பாவுக்கு,

வத்தலக்குண்டில் உங்கள் அக்கா வீட்டில் எல்லோரும் நலமென்று நினைக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்புக்கு நான் எழுதும் நிலத்தடி நீர்ப் பாடத்தில் கடைசிக் கேள்வி மட்டும் பாக்கியிருந்தது. பிள்ளைகள் தங்கள் கிணற்று நீரின் உப்பை முதலில் ஊகித்து எழுத வேண்டும், பிறகு மீட்டரால் அளக்க வேண்டும். நீங்கள் சூப்பர்வைசராக இருக்கும் தோல் தொழிற்சாலைக்குப் பின்தெருவில் இருக்கும் கீர்த்தனா லிட்டருக்கு இரண்டாயிரம் மில்லிகிராம் என்று ஊகித்திருந்தாள். அவள் வீட்டுக் கிணற்று நீர் என்று வகுப்புக்கு வந்த பாட்டிலில் மீட்டர் தொண்ணூறுதான் காட்டியது.

"டீச்சர், இது எங்க தண்ணியே இல்ல. எங்க கிணத்துல குளிச்சா தலை சடையாப் போகும்" என்றாள்.

நேற்று நானே போய் அவள் வீட்டுக் கிணற்றில் இறைத்து அளந்தேன். இரண்டாயிரத்து நானூறு. வீட்டுக்கு வந்து நம் ஃபில்டர் தண்ணீரையும் அளந்தேன். தொண்ணூறு.

அந்தத் தெரு வீடுகளிலிருந்து கிணற்றுத் தண்ணீர்ப் பாட்டில்களை வாங்கி வந்தது நீங்கள். "நீ எதுக்கு அலையுற, அந்தப் பக்கந்தான போறேன், நானே வாங்கிட்டு வாரேன்" என்றீர்கள். இருபது வருடத்தில் என் வேலைக்காக நீங்கள் பை தூக்கியது அதுதான் முதல் தடவை.

பாடத்தில் இரண்டு எண்களையும் போட்டுவிட்டேன். "கிணற்றிலிருந்து வகுப்புக்கு வரும் வழியில் இந்தத் தண்ணீருக்கு என்ன நேர்ந்திருக்கும்?" என்பதுதான் கடைசிக் கேள்வி. திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் உங்கள் ஊகத்தை எழுதுங்கள். அதை நான் அளந்து பார்ப்பேன்.

பாப்பா அம்மா