புதினா எண்ணெய்க்கு நான் சொன்ன சாட்சி

சித்தூர்,
திங்கட்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மகள் கேசியாவுக்கு,

உன் நைனா இன்பசேகரன் எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். பெங்களூரில் உன் சுகத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறோம். கால் புண் முழுக்க ஆறிவிட்டது. சர்க்கரைகூட இப்போது சொன்ன பேச்சைக் கேட்கிறது. நான்தான் கேட்காதவன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் நடுவிலேயே "பரவால்ல உடு நைனா" என்று சொல்லி என்னைத் தப்பிக்க விட்டுவிடுவாய். அதனால் எழுதுகிறேன். முழுக்கப் படி.

போன கிறிஸ்துமஸ் லீவுக்கு, அப்போது நீ ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த திருப்பதியிலிருந்து வந்தபோது, புதினாவிலிருந்து நீயே வடித்தெடுத்த எண்ணெயை விரல் நீள பாட்டிலில் கொண்டுவந்தாய். போனில் ஒரு போட்டோவும் காட்டினாய். கண்ணாடித் தட்டு முழுக்கக் கிருமி படர்ந்திருந்தது. எண்ணெயில் நனைத்து வைத்த சின்னக் காகித வில்லையைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் துப்புரவாக இருந்தது. புண்ணில் சீழ் பிடிக்க வைக்கிற கிருமியாம், எண்ணெய் பட்ட இடத்தில் வளரவில்லையாம். முப்பது வருஷம் ஆர்.டி.சி. பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவனுக்கு அந்த வட்டமே போதுமாக இருந்தது.

நீ அதோடு நிறுத்தவில்லை. "தட்டுல வேல செய்றது வேற, ஒடம்புல செய்றது வேற நைனா. இத்த எடுத்துப் பூசிக்கினு இருக்காத" என்றாய். அது என் காதில் நன்றாக விழுந்தது. இத்தனை மாதமாக நான் மறைத்தது அதைத்தான்.

பாட்டிலை ஃப்ரிட்ஜில் மறந்துவிட்டுப் போனாய். புதுச் செருப்பு கடித்து என் சுண்டுவிரலில் கொப்புளம் வந்தது. மகள் செய்த எண்ணெய் வீட்டில் இருக்கும்போது டாக்டர் எதற்கு என்ற திமிரில் அதைப் பூசினேன். வலியே தெரியவில்லை. ஆறிவிட்டது என்று நினைத்தேன். சர்க்கரையால் கால் மரத்துக் கிடக்கிறது என்பதைப் பிற்பாடுதான் டாக்டர் சொன்னார்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்றேன். என் மகள் கண்டுபிடித்த எண்ணெயால் கர்த்தர் என் புண்ணை ஆற்றினார் என்று சத்தமாகச் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். வசந்தா தன் மாமியாருக்குக் கொஞ்சம் கேட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான்கே நாளில் விரல் கறுத்தது. சபை நடுவில் நின்று சொன்ன வாயால் எப்படி இல்லை என்பது? சாக்ஸ் போட்டுக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் பூசினேன். புதினா வாசனையில் அம்மாவுக்கு நாற்றம் தெரியவில்லை. காய்ச்சலில் விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. இரண்டு விரல் போனது.

என்ன போட்டீர்கள் என்று டாக்டர் கேட்டபோது அம்மா பக்கத்தில் நின்றாள். "எம் பொண்ணு குட்த்த மருந்து சார்" என்றேன். நீ கொடுக்கவில்லையே கேசியா. நான் எடுத்தேன். அம்மா வெளியே போய் உனக்கு போன் செய்து, பெற்றவனின் காலை வெட்ட வைத்தவள் என்றாள். நைனாவிடம் வேண்டாம் என்று சொன்னேன் என்று ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்கலாம். சொல்லாமல் என்னைக் காப்பாற்றினாய். மறு மாதமே ஆராய்ச்சியை விட்டுவிட்டுப் பெங்களூருக்குக் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாய்.

போன வாரம் திருப்பதிக்குப் போய் உனக்கு ஆராய்ச்சி கைடாக இருந்த பிரமிளா மேடத்தைப் பார்த்தேன். உன் நோட்டைக் காட்டிக் கடைசிப் பக்கத்தைத் தமிழில் விளக்கினார். சீழும் ரத்தமும் இருக்கும் இடத்தில் இந்த எண்ணெய் வேலை செய்யுமா, தோலைக் கெடுக்குமா என்று அடுத்துப் பார்க்க வேண்டும் என எழுதியிருந்தாயாம். தேதி, என் ஆபரேஷனுக்கு முந்தின நாள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மாதக் கடைசிக்குள் வந்தால் உன் இடம் உனக்குத்தான் என்றார். அதற்கு மேல் அவர் கையில் இல்லையாம்.

சனிக்கிழமை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நேற்று சபையில் மறுபடி எழுந்து நின்றேன். முதலில் சொன்னது பொய்ச் சாட்சி, மகள் தடுத்தும் நானே பூசிக்கொண்டேன் என்றேன். யாரும் கை தட்டவில்லை. இத்தனை மாதமாகப் புதினாவை வீட்டுக்குள் சேர்க்காத உன் அம்மா, இன்று காலை ஒரு கட்டு வாங்கிவந்து துவையல் அரைத்தாள். என் தட்டில் வைக்கவில்லை. உனக்கு போன் செய்ய அவளுக்கு இன்னும் வாய் வரவில்லை. அவள்மேல் கோபம் வைக்காதே. எல்லாம் என்னால் வந்தது.

எங்களைப் பார்க்க வரச் சொல்லவில்லை. கேட்க எனக்கு முகமில்லை. திருப்பதிக்கு மட்டும் போ அம்மா. பெங்களூர் பஸ் சித்தூரில் பத்து நிமிஷம் நிற்கும் என்று உனக்குத் தெரியும். நீ இறங்க வேண்டாம். எந்த பஸ் என்று மட்டும் சொல். நான் ஸ்டாண்டில் நிற்கிறேன். ஜன்னலைத் திறக்க மனசு வந்தால் திற. வராவிட்டால், நீ அந்த பஸ்ஸில் இருக்கிறாய் என்பதே எனக்குப் போதும்.

கர்த்தர் உன் கையின் வேலையை ஆசீர்வதிப்பாராக.

உன் நைனா,
இன்பசேகரன்