மூன்றாவது பீப்பாய்

உன் பாட்டில் என் வீட்டு அலமாரியில், மிளகு சாம்பிள் போட்டு வைக்கிற டப்பாக்களுக்கு நடுவில் நிற்கிறது. நாலு நாளாக நிற்கிறது. இன்று காலை அதன் தக்கையைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தேன். புதுத் தச்சுப்பட்டறைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும் என்று உன் மகள் சொல்லியிருந்தாள். எனக்கு மூக்கில் எரிச்சல்தான் வந்தது. மறுபடி மூடி வைத்துவிட்டேன்.

பாட்டிலின் மேல் ஒட்டியிருக்கிற தாளில் பீப்பாயின் எண்ணைக் கையால் எழுதியிருக்கிறார்கள். நூற்றுக்கு அறுபத்து மூன்று பங்கு சாராயம் என்று போட்டிருக்கிறது. அதற்குக் கீழே, இந்தப் பீப்பாயைத் தேர்ந்தெடுத்தவர் என்று உன் பெயர். கொல்லிமலையில் மிளகு வாங்கி விற்றவனின் பெயர் அமெரிக்கச் சாராய பாட்டிலில் இருப்பதைப் பார்த்து என் மனைவிக்கு ஒரே சிரிப்பு. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, வேறொன்றும் வரவில்லை.

போன வருடம் பருவம் முடிந்து அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போனவன், நீ அங்கிருந்து போன் போட்டது ஞாபகம் இருக்கிறது. "மாப்ளே, இங்க மக்காச்சோளத்துல காய்ச்சி, உள்பக்கம் கருக்குன பீப்பாயில ஊத்தி வருசக்கணக்குல போட்டு வெக்கிறான். ஒவ்வொரு பீப்பாயும் ஒவ்வொரு ருசியாமா. ஒண்ணோட ஒண்ணு கலக்காம, தண்ணி சேக்காம, ஒரே பீப்பாயில இருக்கறத மட்டும் பாட்டில்ல அடைக்கிறான். அதுல மூணாவது பீப்பாய் நம்மளுது" என்றாய். உன் மருமகனின் ஆபீஸ் நண்பர்கள் சேர்ந்து ஒரு பீப்பாய் வாங்கப் போனார்களாம். மாமனார் மிளகைக் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தே எந்தத் தோட்டம் என்று சொல்லிவிடுவார் என்று மருமகன் பெருமை பேசியதில், தேர்ந்தெடுக்கிற வேலை உன் தலையில் விழுந்ததாம். பாட்டிலில் அடைத்து வர மாதக்கணக்கில் ஆகும் என்றாய். "வந்ததும் நீ குடிச்சுப் பாத்து வெரலக் காட்டு. நான் எத்தன காட்டுனேன்னு அப்பறஞ் சொல்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டாய். அடைத்து வந்தபோது நீ இல்லை.

இருபத்திரண்டு பருவம் நாம் சேர்ந்து வாங்கினோம். மலையில் அரியூர் நாட்டிலும் குண்டனி நாட்டிலும் நாம் மிதிக்காத மிளகுக் களம் இல்லை. உனக்கு மூக்கு, எனக்குப் பல். நீ மிளகை உள்ளங்கையில் தேய்த்துச் சூடேற்றி முகர்வாய். நான் ஒரே ஒரு மணியைக் கடைவாயில் வைத்துக் கடித்துப் பார்ப்பேன். பிறகு உன் துண்டை நம் இரண்டு பேர் கைக்கும் மேலே போடுவாய். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விலைக்கு விரல் பிடிப்பதை நாம் தரத்துக்குப் பிடித்தோம். ஒன்று முதல் ஐந்து வரை விரல். ஐந்து என்றால் பேச்சே இல்லை, மூட்டை கட்ட வேண்டியதுதான். தெரியவில்லை என்றால் விரலை மடக்கி மூடின கை. இரண்டு பேரில் யார் கையை மூடினாலும் அந்தச் சரக்கை வாங்குவதில்லை என்பது நம் கட்டுப்பாடு. "தெரியாம தலையாட்டுறதுக்கு நாம எதுக்கு ரெண்டு பேரு?" என்பாய்.

ஒருமுறை சளி பிடித்து நீ கையை மூடியதால், குண்டனி நாட்டில் முதல் தரமான மிளகை விட்டுவிட்டு வந்தோம். வேறு வியாபாரி அதை அள்ளிக்கொண்டு போய்ப் பேளுக்குறிச்சிச் சந்தையில் நம் கண் முன்னாலேயே விற்றான். சளி என்று சொல்லாமல் சும்மா மூன்று விரலைக் காட்டியிருந்தால் என்ன என்று மலையிறங்கும் வரை லாரியில் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். நீ மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தாய். அந்தக் கட்டுப்பாட்டில் என்னைவிட நீதான் கறார்.

ஊருக்குத் திரும்பி வந்து, கார்த்திகையில் நீ போய்ச் சேர்ந்தாய். நான் அழவில்லை. பந்தலுக்கு ஆள் பிடித்தேன், வந்தவர்களுக்கு டீ சொன்னேன், உன் மகள் விமானம் பிடித்து வந்து சேரும் வரை ஐஸ் பெட்டிக்குக் கரண்ட் போகாமல் பார்த்துக்கொண்டேன். காரியம் முடிந்த மறுவாரம் ஒரு மிளகை எடுத்துக் கடித்தேன். மண்ணைக் கடித்த மாதிரி இருந்தது. தையில் பருவம் தொடங்கியது. களத்தில் போய் நின்று பழையபடி கடித்துப் பார்த்துத் தலையாட்டினேன். உண்மையில் கண்ணால் பார்த்துத்தான் வாங்கினேன். நிறம், உருட்சி, கையில் கனம். யாருக்கும் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

இந்தச் சித்திரையில் உன் மகள் பாட்டிலோடு வந்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து, வாய் குறுகின சின்னக் கண்ணாடிக் குவளைகள் இரண்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். என் மனைவி கதவில் சாய்ந்து நின்று, "பட்டப்பகல்ல, அதும் பெத்த புள்ள மாதிரி இருக்கறவகூட உக்காந்து குடிக்கற மொகரையப் பாரு" என்றாள். அதைச் சொன்ன கையோடு ஒரு தட்டில் வறுத்த கடலையும் கொண்டுவந்து வைத்தாள்.

"மாமா, வாயக் கொஞ்சம் தொறந்து வெச்சுக்கிட்டு மோந்து பாருங்க. இல்லாட்டிச் சுள்ளுனு ஏறும். ரெண்டு சொட்டு தண்ணி உட்டா வாசம் நல்லா விரியுமுங்க."

"தண்ணியா? மொளகுல தண்ணி தெளிச்சு எடை ஏத்தறவங்கிட்ட நானும் ஒங்கப்பனும் ஒரு நாளும் வாங்குனதில்ல."

"இது மொளகு இல்லீங்களே மாமா."

"எதா இருந்தா என்ன? சரக்கு வந்தபடி இருக்கோணும்."

அவள் சிரித்துவிட்டாள். "அப்பாவும் அங்க இதேதான் சொன்னாருங்க. குடோன்காரரு பீப்பாய்க்குள்ள நீளமா ஒரு செம்புக் குழாய உட்டு எடுத்து ஊத்துனாரு. தண்ணியும் குடுத்தாரு. அப்பா தொடவே மாட்டேன்னுட்டாரு."

ஊற்றினாள். வெல்லப்பாகு இறக்குகிற பதத்தில் இருக்குமே, அந்த நிறம். குவளையைச் சாய்த்து நிமிர்த்தினால் கண்ணாடியில் கோடு கோடாக மெதுவாக இறங்கியது. பார்வைக்கு நல்ல சரக்கு. வாயில் வைத்தேன். உதட்டில் பற்றிக்கொண்டது. நுனி நாக்கு போனது, பிறகு நாக்கு முழுக்கப் போனது, பல் வேர் வரைக்கும் சூடு இறங்கி நெஞ்சில் நின்றது. அது அடங்கட்டும் என்று காத்திருந்தேன். அடங்கியது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. இரண்டாவது வாய் வைத்து, பழக்கத்தில் கடைவாய்க்குத் தள்ளிப் பார்த்தேன். அதேதான்.

"வாங்குனவங்க எல்லாரும் எழுதியிருக்காங்க மாமா. மொதல்ல வெண்ணிலா, அப்பறம் கருகுன சக்கரை, பட்டை. கடைசீல தொண்டையில மொளகாட்டம் ஒரு காரம் நிக்குதாமா."

அமெரிக்காக்காரனுக்கு அதில் மிளகு தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

அவள் பையிலிருந்து உன் துண்டை எடுத்தாள். துவைத்து மடித்து வைத்திருந்தாள். தன் கையை என் கைமேல் வைத்து, அதற்கு மேல் துண்டைப் போட்டாள். "அப்பாவுக்குக் காட்டுற மாதிரி காட்டுங்க மாமா" என்றாள்.

நாலு விரலைப் பிடித்திருக்கலாம். பிடிக்கத்தான் இருந்தேன். உன் பெயர் அந்தத் தாளில் இருக்கிறது. என் முடிவைக் கேட்கத்தான் அவள் அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறாள். நாலு என்றால் சந்தோஷமாக ஊருக்குப் போவாள், அதனால் யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை. என் நாலு விரலும் அவள் உள்ளங்கைவரை போய்விட்டன. மடக்கிக்கொண்டேன்.

அவளுக்கு அர்த்தம் தெரியும். சின்ன வயதில் எத்தனை களத்துக்கு உன்னோடு வந்திருக்கிறாள். "தெரியலீங்களா மாமா?" என்றாள்.

"தெரியல கண்ணு. ஒங்கப்பன் போனதுல இருந்து வாயில ஒண்ணுமே தெரியறதில்ல. மொளகும் தெரியல, கொழம்பும் தெரியல. ஒங்க அத்தைகிட்டக்கூடச் சொல்லல."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. அன்று ராத்திரி சாப்பாட்டில் என் மனைவி குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

உன் மகள் கையை எடுக்கவில்லை. குனிந்தபடியே சொன்னாள். "அப்பாவும் அங்க இப்படித்தானுங்க மாமா புடிச்சாரு. துண்டு இல்லாம, போட்டிருந்த ஸ்வெட்டருக்கு உள்ள எங்கையப் புடிச்சு, மொத பீப்பாய்க்கும் மூடுன கை, ரெண்டாவதுக்கும் மூடுன கை, மூணாவதுக்கும் அதேதான். எல்லாரும் அவரு மொகத்தையே பாத்துக்கிட்டு நிக்கறாங்க. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. மூணாவதுன்னு வாயில வந்ததச் சொல்லிப்போட்டேன். அவரு பேர அச்சடிச்சுட்டாங்க."

அறுபத்து மூன்று பங்கைத் தண்ணீர் விடாமல் குடித்ததால் நாக்கு வெந்துவிட்டது என்றுதான் அவளும் முதலில் நினைத்தாளாம். திரும்பி வரும்போது காரில் நீயே சொன்னாயாம். அங்கே வருவதற்கு முந்தின மார்கழியில் வந்த காய்ச்சலோடு மூக்கு போய்விட்டது, அதற்கப்புறம் எந்த வாசமும் வரவில்லை என்று. மாமனிடம் சொல்லாதே, தெரிந்தால் பயந்துகொண்டு வியாபாரத்தையே விட்டுவிடுவான் என்றும் சொன்னாயாம்.

"நாஞ் சொன்னது சரியா தப்பான்னு நீங்க ஒருத்தருதான் சொல்ல முடியும்னு வந்தேனுங்க மாமா. அப்பாவப் பொய்க்காரரா ஆக்கிட்டனோன்னு மனசு கெடந்து அடிச்சுக்குது."

"எனக்குத் தெரியல கண்ணு. நல்லாக்கூட இருக்கலாம்" என்றேன். அவள் அழுதாள், நடுவில் சிரிக்கவும் செய்தாள். பிறகு என்னைக் கேட்காமலே என் குவளையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டாள். குடித்தேன். எரிச்சல் கொஞ்சம் குறைந்தது. வேறு மாற்றம் இல்லை. மறுநாள் காலை பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டேன். பாட்டிலை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள்.

எனக்கு உன்மேல் கோபம். நீ செத்ததிலிருந்து எனக்குள் எழுந்திருக்கிற ஒரே உணர்ச்சி இதுதான், அதனால் அதைக் கெடுத்துக்கொள்ளாமல் வைத்திருக்கிறேன். கட்டுப்பாடு போட்டவன் நீ. பாஷை தெரியாத சீமையில், மகள் கையில், மூன்று தடவை ஒழுங்காகக் கையை மூடியிருக்கிறாய். என்னிடம் ஒரு தடவை மூடியிருந்தால் என்ன? அந்த மார்கழிக்குப் பின்னால் தை, மாசி, பங்குனி முழுக்க நாம் ஒன்றாகத்தானே களத்தில் நின்றோம்!

இப்போது ஒவ்வொரு களமாக நினைத்துப் பார்க்கிறேன். அதுவரை நீதான் முதலில் விரல் பிடிப்பாய். அந்தப் பருவத்தில் மட்டும் "நீ மொதல்ல புடி மாப்ளே" என்றாய். எனக்குத் தலைகால் புரியவில்லை, வீட்டில் வந்து பெருமையடித்துக்கொண்டேன். "வயசாயிருச்சு, பாவம்னு உட்டுக் குடுத்திருப்பாரு" என்று என் மனைவி வாரினாள். நீ முகர்ந்தாய், வழக்கம்போலக் கண்ணை மூடினாய், நான் பிடித்த அதே எண்ணிக்கையை எனக்கே திருப்பிப் பிடித்தாய். மூக்கும் பல்லும் இவ்வளவு ஒத்துப்போன வருடமே இல்லை என்று நான் சொன்னதற்கு, ஆமாம் என்றாய். அந்த வருடச் சரக்கில் ஒரு மூட்டைகூடத் திரும்பி வரவில்லை.

அவ்வளவையும் நான் ஒருவனேதான் பார்த்து வாங்கியிருக்கிறேன். துண்டுக்கு அடியில் நீ சும்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாய். வாயில் இன்னும் ஒன்றும் தெரியவில்லை. கையில் உன் பிடி தெரிகிறது.