வாந்தியும் ஆம்புலன்ஸும்

ஜூன் 9
அவசர சிகிச்சைப் படிப்பில் இரண்டாம் வருடம். ஆம்புலன்ஸ் பயிற்சி இன்று தொடங்கியது. முதல் கேஸ், ஆர்.எஸ்.புரத்தில் கால் முறிந்த ஒரு பெரியவர். அவர் நன்றாகத்தான் இருந்தார். நான்தான் வாந்தி எடுத்தேன். அவரே தன் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "குடிங்க அம்மணி, மொத நாளுங்களா?" என்றார். மானம் போச்சு.

ஜூன் 11
மறுபடியும். ஓடுகிற வண்டியில் குனிந்து பி.பி. பார்த்தாலே வயிறு புரட்டுகிறது. எங்கள் பொறுப்பாசிரியர் ரூத் மேடம், "ஜூலை கடைசி வரைக்கும் பார்ப்போங்க லின்சி. முடியலைன்னா லேப் படிப்புக்கு மாறிக்கலாம்" என்றார்.

அம்மாவுக்கு ஏக சந்தோஷம். "உக்காந்த எடத்துல வேலை கண்ணு, நல்லதுதான?" யாருக்கு நல்லது? குழாயில் ரத்தம் பார்க்கவா சேர்ந்தேன்? உயிர் ஊசலாடும்போது பக்கத்தில் நான் இருக்கணும். மாற மாட்டேன்.

ஜூன் 15
சர்ச்சில் பூசை முடிந்ததும், வயிற்றைப் பழக்குவதற்காகச் சித்தப்பா மகன் ஜெப்ரியின் தேங்காய் டெம்போவில், பின்னால் தேங்காய் மேல் உட்கார்ந்து, புத்தகம் படித்தபடி தொண்டாமுத்தூர் போய் வந்தேன். "அக்கா, முன்னாடி சீட்டு சும்மாத்தான கெடக்குது?" என்று தலையில் அடித்துக்கொண்டான். இரண்டு முறை நிறுத்தச் சொன்னேன். பரவாயில்லை.

ஜூன் 23
வாந்திக்கு மாத்திரை போட்டுப் பார்த்தேன். நிற்கிறது. ஆனால் தூக்கம் வருகிறது. தூங்குமூஞ்சியை எந்த ஆம்புலன்ஸில் சேர்ப்பார்கள்? மாத்திரை வேண்டாம்.

ஜூலை 2
டவுன் பஸ்ஸில் கடைசி சீட். காந்திபுரம் வரை குனிந்தே இருந்தேன். வாந்தி வரவில்லை!

ஜூலை 3
வந்தது.

ஜூலை 17
நரசீபுரம் பக்கம் தக்காளி பறித்துக்கொண்டிருந்த தெய்வாத்தாள் அம்மாவைப் பாம்பு கடித்துவிட்டது. ஏற்றும்போதே இமை தொங்கியது. கொஞ்ச தூரத்தில் மூச்சு நின்றது. டெக்னீசியன் அருண்குமார் அண்ணன் மூச்சுப் பையை என்னிடம் தந்தார். "நிறுத்தவே கூடாதுங்க லின்சி."

ஒரு கையால் மாஸ்க்கை முகத்தோடு அழுத்தி, மறு கையால் பையை அமுக்கி — அமுக்கி விட்டு, அமுக்கி விட்டு — ரோடெல்லாம் குழி. வாந்தி வந்தது. முகத்தை மட்டும் திருப்பினேன். என் தோள் மேலேயே எடுத்துப்போட்டேன். கை நிற்கவில்லை. மறுபடி வந்தது. அப்போதும் நிற்கவில்லை.

அவரை ஆஸ்பத்திரியில் ஒப்படைத்த பிறகு அண்ணன் என் சட்டையைப் பார்த்தார். "கழுவிக்கலாம் விடுங்க" என்றார். அழுதுபோட்டேன்.

ஜூலை 21
தெய்வாத்தாள் அம்மா தானாகவே மூச்சு விடுகிறாராம்! கர்த்தாவே.

ஜூலை 31
ரூத் மேடம் கூப்பிட்டார். "வாந்தி நின்னுருச்சுங்களா?"
"இல்லைங்க மேடம்."
அருண்குமார் அண்ணன் எழுதிய ரிப்போர்ட்டை மூடி வைத்தார். "அப்ப மாத்துச் சட்டை ஒண்ணு வண்டியிலயே வெச்சிருங்க" என்றார்.
வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.