முளைப்பாரிக்குத் தண்ணீர் கிடையாது

பங்குனி 24

காலையில் நகராட்சி ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு வந்தது. செடிகொடிக்கு ஊற்றக் கூடாது, வண்டி கழுவக் கூடாது, கட்டட வேலைக்குக் குடிதண்ணீர் எடுக்கக் கூடாது, மோட்டார் வைத்து உறிஞ்சினால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்களாம். அது அறிவித்துக்கொண்டே போக, இங்கே எதிர்வீட்டு கிங்ஸ்டன் தன் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தான். மைக்காரர் வண்டியை நிறுத்தி அவனைப் பார்த்தார். அவன் குடத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "அண்ணே, உங்க வண்டியும் தூசியாத்தான் இருக்கு, வாங்க" என்றான்.

தெருவே சிரித்தது. நானும்தான்.

நான் கைநாட்டு. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று மகள் பூங்கொடி போன தடவை வந்தபோது காட்டிக்கொடுத்தாள். என்ன எழுதுகிறதோ, யார் கண்டது. மனசில் கிடப்பதைச் சொல்ல ஒரு ஆள் மாதிரி இருக்கிறது. திருப்பிப் பேசாத ஆள்.

பங்குனி 26

வீட்டுக் குழாயில் காற்றுதான் வருகிறது. தெருமுனைக் கறுப்புத் தொட்டியில் லாரித் தண்ணீர் விட்டுப் பூட்டு போட்டார்கள். சாவி யாரிடம் என்று சண்டை. கடலைமிட்டாய்க் கடை விஜயராஜ்தான் தெருச் சங்கத்துக்குத் தலைவர். "வன்னியபெருமாள் அண்ணாச்சிகிட்ட குடுங்க. நாப்பது வருசத்துக்கு முன்ன எந்தப் பஞ்சத்துல யாரு முந்தினா, யாரு குடத்த உடைச்சான்னு இன்னும் சொல்லுவாவ. அவியகிட்ட ஒருத்தரும் ஏமாத்த முடியாது" என்றார்.

என்னைப் புகழ்ந்தாரா, குத்தினாரா தெரியவில்லை. சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டேன்.

பங்குனி 27

கிங்ஸ்டன் தன் வீட்டுப் பங்குக்கு மேல் ஒரு குடம் கூடக் கேட்டான். ஆட்டோவுக்காம். "ஏலே, உன் ஆட்டோவுக்கு நாக்கு வறண்டு போச்சா?" என்றேன். "அழுக்கு வண்டியில ஆளு ஏற மாட்டேங்கான் அண்ணாச்சி, பொழப்புலா." கொடுக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே போனான். அவன் பெண்டாட்டி எஸ்தர்ராணி வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். நல்லவேளை, அவளாவது.

பங்குனி 29

கோவில் கூட்டம். சித்திரைப் பொங்கல் உண்டு, மஞ்சள் நீராட்டு இல்லை. அதில் எல்லோருக்கும் சம்மதம். முளைப்பாரி என்று வந்ததும் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்தார்கள். வீட்டுக்கு ஒன்று போட்டால் தினமும் எத்தனை சொம்பு தெளிக்க வேண்டும்? ஒருவரும் வாயைத் திறக்காததால் நான் திறந்தேன். "குடிக்கவே இல்ல. முளைப்பாரிக்குத் தண்ணி கிடையாது. ஆத்தா கோவிச்சுக்கிட மாட்டா, அவளுக்குத் தெரியாததா?" சரி சரி என்றார்கள்.

பெருமையாகத்தான் வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரி மீனாட்சி தட்டை வைத்த சத்தம் பக்கத்துத் தெருவுக்குக் கேட்டிருக்கும். ஒரு பேச்சு இல்லை.

பங்குனி 30

இன்றும் பேசவில்லை. ரசத்தில் உப்பும் இல்லை.

சித்திரை 1

வருசப் பிறப்பு. அவளாகவே சொன்னாள். பூங்கொடி உண்டாகியிருக்கிறாளாம். விளாத்திகுளத்தில் கட்டிக்கொடுத்து எட்டு வருசம். இரண்டு தடவை தங்கவில்லை. இந்தத் தடவை மூன்று மாசம் முடிந்துவிட்டது. மீனாட்சி இந்தச் சித்திரைக்கு முளைப்பாரி எடுப்பதாக ஆத்தாளுக்கு நேர்ந்திருக்கிறாள்.

எனக்குக் கைகால் ஓடவில்லை. சந்தோசமா, வேறு எதுவா, தெரியவில்லை. "எங்கிட்ட ஏன்ட்டி முந்தியே சொல்லல?" என்றேன்.

"மூணு மாசம் முடியாம வாயத் திறக்கப்புடாது. ஒங்ககிட்டச் சொன்னா ஊரு பூரா எடுத்துச் சொல்லுவிய. சொல்லலாம்னு இருக்கும்போது நீங்க கூட்டத்துல முளைப்பாரியே கிடையாதுன்னு சொல்லிட்டு வந்து நிக்கிய."

மறுபடி கூட்டத்தில் கேட்கட்டுமா என்றேன். முறைத்தாள். "அந்தப் பய ஆட்டோவுக்கு இல்லன்னுட்டு, நம்ம வீட்டுக்குன்னா கேப்பியளோ? வேண்டாம். என் பங்குல வளத்துக்கிடுதேன்."

சித்திரை 3, செவ்வாய்

முளை போட்டாள். மண்சட்டியில் கரிசல் மண், ஆட்டுப் புழுக்கை, ஊறவைத்த பயறு. உள்ளறையில் வெளிச்சம் படாமல் மூடி வைத்திருக்கிறாள். ஒருவருக்கும் தெரியாது.

இதில் ஒரு கண்டிசன். குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் ஆகாது. ஒருவர் புழங்காத தண்ணீர்தான் தெளிக்க வேண்டும். அப்படியென்றால் எங்கிருந்து எடுப்பாள்? குடிக்கிற தண்ணீரில் இருந்துதான். போட்ட முளையைப் பாதியில் வாடவிடுவது ஆகவே ஆகாது. நேர்ந்த காரியத்துக்கே கெடுதல் என்பார்கள். அந்தக் கெடுதல் பூங்கொடிக்கு என்று ஆகிவிடக் கூடாது.

சித்திரை 4

என் பங்கில் எடு என்றேன். நேர்ந்தது நான்தானே என்கிறாள். டம்ளரைத் தூக்குகிறாள், வாயை நனைத்துக்கொள்கிறாள், மிச்சத்தைச் சொம்பில் சாய்த்துவிட்டு உள்ளே போகிறாள். இந்த வெயிலுக்கு ஒரு கிழவி குடிக்கிற அளவா அது?

சித்திரை 5

மத்தியானம். வெயிலுக்குப் பயந்து தெருவில் ஒரு ஈ காக்காய் இல்லை. தொட்டிப் பக்கம் போனேன். கையில் சொம்பு. எதற்கு எடுத்துக்கொண்டு போனேன் என்று எனக்குத் தெரியாதா?

பூட்டில் சாவியை விட்டேன். இரும்பு கையைச் சுட்டது. ஒரு சொம்பு. யார் பார்க்கப் போகிறார்கள்?

நான் பார்த்துவிடுவேனே. நான் பார்த்ததை மறக்கிற ஆளா? நாகலாபுரத்துப் பக்கம் வெள்ளாமை பார்த்த காலத்தில் கிணற்றில் முறை மாற்றி இறைத்தவன் இன்றைக்கு உயிரோடு இல்லை, அவன் பேர் என் நாக்கில் இருக்கிறது. என் பேரும் அந்த வரிசையில் போய் நிற்கும். அவனையாவது உயிரோடு இருந்தபோது தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடிந்தது. என்னை எப்படித் திருப்ப?

திறக்காமலே சாவியை உருவிக்கொண்டு வந்தேன். வெறும் சொம்பைப் பார்த்துவிட்டு மீனாட்சி, "எங்க போனிய?" என்றாள். "சும்மா" என்றேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது. ராத்திரி போட்ட குழம்பில் உப்பு சரியாக இருந்தது.

சித்திரை 6

விழுந்துவிட்டாள்.

தொட்டியடியில் வரிசையில் நின்றவள். குடம் உருண்டது. அந்தச் சத்தத்தில்தான் திரும்பினேன். எஸ்தர்ராணிதான் மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு, "மைனி, மைனி" என்று கத்தினாள். நான் நின்றேன், அவ்வளவுதான். சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முகத்தில் தண்ணீர் அடிக்கப் போனால், கண்ணைத் திறந்தவள் சொல்கிறாள், "ஊத்தி வீணாக்காதட்டி." இந்த நிலையில்!

"மைனி தண்ணியே குடிக்கலியா? உதடு வெடிச்சுக் கெடக்கு" என்று எஸ்தர்ராணி என்னைப் பார்த்துக் கேட்டாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது. பூங்கொடி, நேர்ச்சை, சட்டி, எல்லாம். அவள் சொன்ன மாதிரியே ஊர் பூராவும் எடுத்துச் சொல்லிவிட்டேன்.

யாரோ ஓடிப்போய் எங்கள் வீட்டுச் சொம்பை எடுத்துவந்தார்கள். பிறகு எஸ்தர்ராணி தன் குடத்தில் இருந்து ஒரு டம்ளர் மொண்டு எங்கள் சொம்பில் ஊற்றினாள். பின்னால் நின்ற சொர்ணத்தாயும் ஊற்றினாள். நான் பதறிப்போய், "ஏ, வேண்டாம்மா, தீர்மானம் போட்டுருக்கு" என்றேன்.

எஸ்தர்ராணி இடுப்பில் கைவைத்தாள். "தொட்டியத் திறந்து எடுத்தா நீங்க கேளுங்க அண்ணாச்சி. என் கொடத்துல இருந்து நான் குடுக்குதேன். அதுக்கும் பூட்டு போடுவியளோ?"

"நீ வேதக்காரி, ஒனக்கு எதுக்கும்மா—"

"எங்க சாமி ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டாரு. பிள்ளத்தாச்சிக்குன்னா அவருக்கும் சம்மதந்தான். நீங்க கோவிச்சுக்கிடாம இருங்க, அது போதும்."

கடைசியில் கிங்ஸ்டன் வந்தான். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒரு டம்ளரைச் சொம்பில் கவிழ்த்தான். "புடிங்க அண்ணாச்சி. ஆட்டோ கழுவாம மிச்சம் புடிச்சது."

சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொம்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

சித்திரை 7

விஜயராஜ் வந்தார். தலைவர் அல்லவா, சத்தம் போடத்தான் வருகிறார் என்று நினைத்தேன். "தெருவுக்குச் சேத்து இந்த ஒரு பாரிதான்னு எல்லாரும் சொல்லுதாங்க. மைனியே எடுக்கட்டும்" என்றார். ஒரு பொட்டலம் கடலைமிட்டாய் கொடுத்தார். மீனாட்சிக்குப் பல் இல்லை. நான்தான் தின்றேன்.

மீனாட்சி இப்போது என் கண்முன்னால் ஒரு டம்ளர் முழுசாகக் குடிக்க வேண்டும். குடித்த பிறகுதான் சொம்பைக் கொடுக்கிறேன். காவல்காரனுக்கு இன்னொரு வேலை.

சித்திரை 9

சட்டியை எட்டிப் பார்த்தேன். ஆண்கள் பார்க்கக் கூடாது என்று விரட்டினாள். அதற்குள் பார்த்துவிட்டேன். மஞ்சளும் பச்சையுமாக, ஒரு சாணுக்கு. ஒன்றுகூட வாடவில்லை.

சித்திரை 11, புதன்

பாரி போனது. ஒரே ஒரு சட்டி. முந்தியெல்லாம் தெரு முழுக்கத் தலைதலையாகப் போகும். இன்றைக்கு ஒரு தலையில் ஒரு பச்சை, அதற்குப் பின்னால் தெரு முழுக்கப் பெண்கள். எஸ்தர்ராணி கோவிலுக்குள் வரவில்லை. வாசல் வரைக்கும் மீனாட்சியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள், மறுபடி விழுந்துவிடுவாளோ என்று.

எல்லாம் முடிந்து ஊருணியில் கரைக்கப் போனோம். போன பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. ஊருணியில் ஏது தண்ணீர்? பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றிக் கரைக்கலாமா என்று என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. போதும், ஒருமுறை திறந்தது.

மீனாட்சிதான் சொன்னாள். "வேண்டாம். இங்கன வச்சுட்டுப் போவோம். வார தண்ணி வந்து கரைச்சுக்கிடட்டும்."

ஊருணி நடுவில் வைத்தோம்.

சித்திரை 12

விடிந்ததும் கம்பை எடுத்துக்கொண்டு ஊருணிக்குப் போனேன். பச்சையைக் கண்டால் ஆடு விடுமா? நினைத்தது சரி. நான் போகிறேன், சாமுவேல்ராஜ் வீட்டு ஆடு சட்டிக்குள் வாயை வைத்து நிற்கிறது. கம்பை ஓங்கிவிட்டேன்.

"ஏங்க, விடுங்க" என்று பின்னால் சத்தம். எனக்குத் தெரியாமல் மீனாட்சியும் வந்திருக்கிறாள். "சினையாடுலா. தின்னட்டும்."

ஆட்டின் வயிற்றைப் பார்த்தேன். ஆமாம்.

கம்பைக் கீழே போட்டுவிட்டு, அது தின்று முடிக்கிற வரைக்கும் இரண்டு பேரும் கரையில் உட்கார்ந்திருந்தோம்.

சித்திரை 20

பூங்கொடி பேசினாள். ஸ்கேன் பார்த்தார்களாம். துடிப்பு நன்றாகக் கேட்கிறதாம். "அப்பா, போன்ல பேசி எழுதுதீங்களா?" என்றாள். எப்போதாவது என்றேன்.

சித்திரை 26

நேற்றுச் சாயந்தரம் மழை. பெரிய மழை இல்லை. தெருவில் ஓடவில்லை, தொட்டி நிறையவில்லை. சாவி இன்னும் என் இடுப்பில்தான் இருக்கிறது. கிங்ஸ்டன் மட்டும் ஆட்டோவை நடுத்தெருவில் கொண்டுபோய் நிறுத்தி, "அண்ணாச்சி, இதுக்கும் கணக்கு உண்டா?" என்று கத்தினான்.

காலையில் ஊருணிக்குப் போய்ப் பார்த்தேன். வெடிப்புகள் வாயை மூடத் தொடங்கியிருந்தன. ஆடு விட்டுவைத்த வேரும் மண்ணும் சட்டிக்குள்ளேயே மழைத் தண்ணீரில் கரைந்து போயிருந்தன.

வந்து மீனாட்சியிடம் சொன்னேன். அடுப்பை விட்டுத் திரும்பாமலேயே, "அப்ப சரி" என்றாள்.