வீடியோ நிற்கிற இடம்

ஜூலை 7, திங்கள்

ஏழாம் வகுப்பில் இன்றும் ஒரே கூச்சல். தேன்மொழியின் அறிவியல் வகுப்பு. வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நின்று ஒரு கேள்வி கேட்கும். பிள்ளைகள் ஆளுக்கொரு கலர் அட்டையைத் தூக்குவார்கள். எந்த நிறம் அதிகமோ அந்த விடையை அவள் திரையில் தொடுவாள். சரியென்றால் மேலே ஓடும்; தவறென்றால் பின்னால் போய் மறுபடி சொல்லித்தரும். பக்கத்து அறையில் நான் எட்டாம் வகுப்புக்குச் செரிமான மண்டலம் நடத்துகிறேன். என் பிள்ளைகளின் காதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம்.

அவள் வந்து முழுசாக ஒரு மாதம் ஆகவில்லை. நான் இருபத்திரண்டு வருடமாகத் தொண்டை கிழியக் கத்துகிறேன்.

ஜூலை 9

வயிறு எரிகிறது. வேறு எப்படி எழுதுவது?

ஜூலை 10

பதினாறாம் தேதி கல்வி அதிகாரி வருகிறார். வருடாவருடம் மாதிரி வகுப்பு என்னுடையது. இன்று தலைமையாசிரியர் கோவிந்தன் சார் கூப்பிட்டு, "இந்தவாட்டி தேன்மொழி பண்ணட்டும்ங்க டீச்சர். நீங்க கூட இருந்து பாத்துக்கங்க" என்றார். கூட இருக்க வேண்டுமாம்! மைக் பிடிக்கவா?

குழம்பில் உப்புப் போட மறந்தேன். வீட்டுக்காரர் அப்படியே சாப்பிட்டு எழுந்தார். என் முகம் அப்படி இருந்திருக்கும்.

ஜூலை 14

அதிகாரிக்குக் காட்டப்போகிற பாடத்தைத் தேன்மொழி என் போனுக்கு அனுப்பினாள். "அக்கா, உங்க அளவுக்கு எனக்குத் தெரியாதுங்க. தப்பு இருந்தா சொல்லுங்க்கா." சுகுணா என்று என் பெயரைப் போட்டதும் திறந்தது. நன்றாகத்தான் செய்திருக்கிறாள். அதுதான் எரிச்சல்.

நாலாவது கேள்வி: இருவித்திலைத் தாவரம் எது? ராகி, சோளம், சாமை, அவரை. அவரையைத் தொட்டேன். தவறு என்றது. சாமையைத் தொட்டேன் — சரி! விடையைக் குறிக்கும்போது ஒரு வரி மேலே கை பட்டிருக்கிறது. ஒரு நிமிடத்தில் திருத்திவிடலாம்.

"பாத்துட்டேன், நல்லா இருக்கு" என்று அனுப்பினேன்.

ஜூலை 15

இன்னும் நேரம் இருக்கிறது. சொல்லப் போவதில்லை. எல்லாம் தெரிந்தவள்தானே, இதையும் கண்டுபிடிக்கட்டும்.

ஜூலை 16

நான் எதிர்பார்த்தது நடந்தது. எதிர்பார்த்த மாதிரி நடக்கவில்லை.

வகுப்பு மொத்தமும் அவரைக்குப் பச்சை அட்டை தூக்கியது. தவறு என்றது திரை. வீடியோ பின்னால் போய் மறுபடி ஓடியது. தேன்மொழி வெலவெலத்துப் போனாள். இரண்டாம் தடவை பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு சாமைக்கு மாறின. காவேரி மட்டும் மாறவில்லை. சித்தேரி மலைப் பிள்ளை, ஹாஸ்டலில் இருக்கிறது. வாயே திறக்காது, இந்த அட்டை வந்த பிறகுதான் கை தூக்குகிறது. பக்கத்தில் இருந்தவள் காவேரியின் கையைப் பிடித்து இழுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். காவேரி கண்ணில் தண்ணீரோடு பச்சை அட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தது.

"நீ ஏம்மா மாத்தல?" என்றார் அதிகாரி.

"சாமை எங்க காட்டுல வெளையுதுங்க சார். அது பொளக்காதுங்க. அவரைதாங்க ரெண்டா பொளக்கும்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "சரிங்களா டீச்சர்?"

"சரிதான் சார்."

"அப்ப இத யாரும் முன்னாடியே பாக்கலீங்களா?"

"நான்தான் சார் கவனிக்கல" என்றாள் தேன்மொழி. என் பெயரைச் சொல்லவில்லை.

அவள் அவமானப்பட வேண்டும் என்றுதானே இருந்தேன். அந்தக் குழந்தையை ஏன் அழவைத்தேன்? சீ.

ஜூலை 18

சொல்லிவிடலாம் என்று அவள் மேஜைக்குப் போனேன். "தேன்மொழி, அன்னிக்கு நான்—"

போனை என் பக்கம் திருப்பினாள். யார் யார் எந்த விடையைத் தொட்டார்கள் என்று அந்தப் பாடம் பதிந்து வைத்துக்கொள்ளுமாம். எனக்கு அது தெரியாது. சுகுணா. கேள்வி நான்கு. முதலில் அவரை, அப்புறம் சாமை.

"நேத்துதாங்க பாத்தேன்" என்றாள். கோபப்படக்கூட இல்லை. நான் ஏதோ முணுமுணுத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 25

அடுத்த பாடம் தாவர இனப்பெருக்கம். கணக்கு எடுக்கும் தமிழ்மணி சாரிடம் சரிபார்க்கக் கொடுத்திருக்கிறாள் தேன்மொழி. மத்தியானம் அவர் என்னிடம் வந்து, "சூலகம் எதுங்க டீச்சர், சூல்முடி எதுங்க?" என்று கேட்டார். படம் போட்டுக் காட்டினேன். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவளிடம் போனார்.