புல் தைத்த சட்டை

தங்காக், மலாயா, 6 ஆகஸ்டு 1934

கல்லூரிக் கால்பந்துக் குழுவின் சின்னத்தை மாற்றப் போகிறார்களாம். இப்போதிருப்பது தென்னை மரம். பக்கத்து ஊர் மூவார்க்காரர்கள் அதைத் துடைப்பம் என்கிறார்கள். நம் பையன்கள் களத்தில் இறங்கினாலே, "நல்லாக் கூட்டுங்கடா" என்று கத்துகிறார்கள்.

புதிய படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியவள் நான். "உங்களுக்குப் பந்தாட்டத்துல அக்கறையே இல்ல, மிஸ். அதான் நீங்க சரியான ஆளு" என்றார் பிரின்சிபால் லூயிஸ். மதராஸில் வாங்கிய சரித்திரப் பட்டத்துக்கு இப்படியும் ஒரு பயன்.

8 ஆகஸ்டு

பையன்கள் வரைந்த படங்கள் வந்துவிட்டன. சிங்கம், மண்ணெண்ணெய் டின்னிலிருந்து. யானை, தீப்பெட்டியிலிருந்து. நங்கூரம், துணிக்கடைச் சீட்டிலிருந்து. கேப்டன் மைக்கல் வரைந்த புலி மட்டும் எதையும் பார்த்து வரைந்ததாகத் தெரியவில்லை. சும்மா உட்கார்ந்து, பார்ப்பவரை அளவெடுக்கிறது. அதற்கே பரிசு. தீர்ப்பில் கையெழுத்திட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டியாயிற்று.

10 ஆகஸ்டு

கோல்கீப்பர் காளியப்பன் புலிச் சின்னம் வைத்த சட்டையைப் போட மாட்டானாம். அடுத்த சனிக்கிழமை மூவாருடன் ஆட்டம். அவன் இல்லாவிட்டால் தோல்விதான் என்பது எனக்கே தெரியும்.

காரணம் கேட்டேன். விடியற்காலையில் அவன் தாயோடு ரப்பர் மரம் சீவிப் பாலெடுக்கப் போகிறான். மலையடித் தோட்டங்களில் அந்த மிருகத்தைப் பெயர் சொல்ல மாட்டார்கள், பெரியவர் என்பார்கள்.

"பேரையே சொல்றதில்ல, மிஸ். மூஞ்சிய நெஞ்சுல ஒட்டிக்கிட்டுப் போனா, கூப்பிட்ட மாதிரி ஆயிரும் லா."

"அலமாக், துணியில இருக்கிறது வந்து கடிக்குமாடா?" என்று மலாய் கலந்து கேட்டான் மைக்கல்.

"உன் வீடு கடைத்தெருவுல. நீ பேசுவ."

தீர்ப்பை மாற்ற மறுத்தேன். மூட நம்பிக்கையைப் பற்றிச் சிறு சொற்பொழிவு வேறு. எனக்கே பிடித்திருந்தது.

12 ஆகஸ்டு

தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போய்க் காளியப்பனின் தாய் பேச்சியம்மாளிடமும் அதையே சொன்னேன். முழுதும் கேட்டாள்.

"நீங்க படிச்சவங்க, சரியாத்தான் இருக்கும். நாளைக்கு வெள்ளன அந்தப் படத்தைக் குத்திக்கிட்டு எங்க மர நிரையில ஒரு நடை நடந்துருங்கம்மா. அப்புறம் என் மவன் போட்டுக்குவான்."

நியாயமான ஏற்பாடு. ஒப்புக்கொண்டேன்.

13 ஆகஸ்டு

மாதிரிக்குத் தைத்த சின்னத்தைச் சேலையில் குத்திக்கொண்டு, மரங்களின் நிரைக்குள் நுழைந்தேன். கொஞ்ச தூரம் ஒன்றுமில்லை. பிறகு புதருக்குள் ஏதோ மூச்சு விட்டது. மாடாக இருக்கலாம். பன்றியாக இருக்கலாம். அப்படியானால் ஏன் நின்றேன்? முந்தானையை இழுத்துச் சின்னத்தை ஏன் மூடினேன்? யோசித்து முடிப்பதற்குள் கால்கள் திரும்பிப் பாதி வழி வந்துவிட்டன.

பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. பால் வாளியைக் கீழே வைத்தாள்.

"பயந்துட்டீங்களாம்மா?"

"குளிருது" என்றேன்.

"ஆமாம்மா. எங்களுக்கும் தினம் அப்படித்தான் குளிரும்."

14 ஆகஸ்டு

தீர்ப்பில் ஒரு திருத்தம் எழுதி ஒட்டினேன்: படத்துக்கு முன்னால் புல் வேண்டும். நிறைய.

18 ஆகஸ்டு

தையற்காரர் சபாபதி புல்லைத் தாராளமாகவே தைத்துவிட்டார். உள்ளே இருப்பவரின் காதுகூடத் தெரியவில்லை. காளியப்பன் தடவிப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டான்.

மூவார்க்காரர்கள், "கீரைக்கட்டு எவ்வளவுடா?" என்று கத்தினார்கள். கடைசிப் பெனால்டியைக் காளியப்பன் பிடித்ததும் அடங்கினார்கள். இரண்டுக்கு ஒன்று, நாம் வென்றோம்.

ஆட்டம் முடிந்து அவர்களுடைய கேப்டன் கைகுலுக்க வந்தான். "அதென்னப்பா, சட்டை பூரா புல்லு?"

மைக்கலுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "புல்லு சும்மா. உள்ள உட்கார்ந்திருக்கிறது ஒரு பு—"

அவன் வாயைப் பொத்தக் காளியப்பன் பாய்ந்தான். என் கை முந்திவிட்டது.