சிரிக்காமல் விட்ட ஷாட்

மார்ச் 3, திங்கள்
காலையிலேயே வெயில். சின்னாளப்பட்டி வீட்டில் ஷூட்டிங். ஜன்னல்களில் கறுப்புத் துணி அடித்துப் பகலை இரவாக்கியாயிற்று. உள்ளே வேக்காடு. பிணமாக நடிக்க வந்த பெண் பாடையைப் பார்த்ததும், "எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை சார்" என்று கிளம்பிவிட்டது. என் அக்கா செல்விக்குப் போன் போட்டேன். தறியை நிறுத்திவிட்டு வந்தாள். நெற்றியில் காசு, மூக்கில் பஞ்சு, மாலை. ஒரே டேக். அசையவே இல்லை.

பிணமாக நடித்தவர் 'கட்' சொன்னதும் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். தோஷம் கழிய அதையும் எடுப்பது வழக்கம். கேமராமேன் சலீம் பாய் காத்திருந்தார். பேட்டரியில் ஒரு கோடுதான். பேய் வரும் ஷாட் பாக்கி. "அதெல்லாம் வேணாம் பாய், லைட்டை அணைங்க" என்றேன். பேய்ப்படம் எடுக்கும் பகுத்தறிவுவாதி.

மார்ச் 4, செவ்வாய்
நாளை கடைசி நாள். வாங்க: பூசணிக்காய், சூடம். ரத்தத்துக்குச் சிவப்புச் சாயம் கொஞ்சம்.

சாப்பிடும்போது அக்கா: "ஏலே, வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட வாரியா?" மார்பில் கட்டி. போன வாரமே ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்களாம். வியாழக்கிழமை ரிசல்ட்.

"ஏன்க்கா சொல்லலை?"

"சொன்னா என்னையப் பாடையில படுக்க விட்டிருப்பியா?"



மார்ச் 5, புதன்
பூசணிக்காய் உடைத்தாயிற்று. எல்லாரும் கைதட்டினார்கள். வாடகைக் கேமரா மதுரைக்குத் திரும்பிப் போய்விட்டது.

லேப்டாப்பில் அக்கா ஷாட். மூச்சு விடுவது தெரிகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். தெரியவில்லை. திங்கட்கிழமை அதற்காகச் சந்தோஷப்பட்டவன் நான்தான்.

பாய் போனில்: "எனக்கும் நம்பிக்கை கிடையாது தம்பி. ஆனா அந்தச் சிரிப்பை எடுத்துருக்கலாம்."

நம்பிக்கை இல்லை. பயம் இருக்கிறது. ஒரு பேட்டரிக்காகவா விட்டேன்?

மார்ச் 6, வியாழன்
திண்டுக்கல். ஆஸ்பத்திரி வராந்தா. மின்விசிறி சுற்றவில்லை. டோக்கன் 14. அக்கா சுங்குடிச் சேலையில், மல்லிகைப் பூவோடு. போனை எடுத்து வீடியோவை ஓடவிட்டேன்.

"அக்கா, அன்னைக்கு ஒரு ஷாட் விட்டுப்போச்சு. செத்த நேரம் இங்கிட்டுப் பாத்துச் சிரி."

"எதுக்குன்னு தெரியும்லே. அன்னைக்கே சிரிச்சேன். நீதான் லைட்டை அணைக்கச் சொல்லிட்ட."

சிரித்தாள். எதற்கென்று தெரியாமல் பக்கத்துப் பெஞ்சுக்கார அம்மாவும் சிரித்தார். உள்ளேயிருந்து நர்ஸ், "செல்வி யாரு?"

"நீ இங்கனயே இரு" என்று சொல்லிவிட்டு அக்கா தனியாகப் போனாள். கதவு சாத்தியாயிற்று.

மடியில் போன் இன்னும் ஓடுகிறது. கட் சொல்லவில்லை.